பேசேஜில் இல்லாத பதில்

போன வாரம் எதிர் வீட்டுப் பெண் ஓடி வந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். கையில் இங்கிலீஷ் ஒர்க்‌ஷீட். காம்ப்ரிஹென்ஷன்... ஒரு பேசேஜைக் கொடுத்து அதற்குக் கீழே ஐந்து கேள்வி கேட்பார்களே, அதுதான்.

ரிட்டயர்டு டீச்சர் பக்கத்தில் குடியிருந்தால் இது ஒரு சௌகரியம். எந்த நேரத்திலும் காலிங் பெல்லை அமுக்கலாம்.

திருத்தினேன். ஐந்தும் சரி. எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் எழுதினாய் என்று கேட்டேன். கோச்சிங் சென்டரில் புதிதாக ஒரு டெக்னிக் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். கேள்வியில் இருக்கிற வார்த்தையைப் பேசேஜுக்குள் தேடு. கிடைத்ததா? அந்த வரியை அப்படியே தூக்கி எழுது. முடிந்தது வேலை!

புது டெக்னிக்காம்...

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இருமினார். அவருக்குச் சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. சிரிப்பை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

இந்த டெக்னிக்கால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. இத்தனை வருஷமாக எதை எதையோ இந்தப் பக்கத்தில் உங்களிடம் கொட்டியிருக்கிறேன், இதை மட்டும் எழுதியதில்லை. அவர் வருத்தப்படுவாரோ என்று ஒரு தயக்கம். நேற்று அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ... என் மார்க்க மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடு" என்றார்.

கூட்டிப் போடுவதாக இல்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. நான் விழுப்புரம் பெண். அப்பா ஸ்டேஷன் ரோட்டில் டெய்லர். ப்ளஸ் டூ முடித்திருந்தேன். மாப்பிள்ளைக்குத் திண்டிவனம். அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக வந்து ஏலம் போகிற மார்க்கெட் கமிட்டியில் எடை போடுகிறவர். தரகர் எங்கள் வீட்டில் சொன்னது இதுதான்: "பையன் பத்தாவது படிச்சிருக்காரு."

பொய்யே இல்லை. படித்திருந்தார். பாஸ் பண்ணினாரா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை... சொன்ன வரியை அப்படியே எடுத்துக்கொண்டோம்!

மற்ற பாடமெல்லாம் பாஸ். இங்கிலீஷில் மட்டும் மூன்று தடவை போய்விட்டது. கல்யாணமாகி நாலு மாதம் கழித்து, ஹால் டிக்கெட் ஒன்று அலமாரியிலிருந்து விழுந்து எனக்கு விஷயம் தெரிந்தது. அவர் முகம் சுண்டிப் போய்விட்டது. பாஸ் பண்ணினால் கமிட்டி ஆபீஸுக்குள்ளேயே மேசை வேலைக்கு மனுப் போடலாம், இல்லையென்றால் ஆயுசு முழுக்க மூட்டைகளுக்கு நடுவில் தராசு பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

நான் மிகைப்படுத்தவில்லை. ஒரு ஹாலும் ஒரு ரூமும் இருக்கிற வீடு. எப்போதும் அத்தை இருப்பார். அத்தை என்றால் மாமியார். கெட்டவர் இல்லை, ஆனால் இருப்பார். புருஷனும் பெண்டாட்டியும் பகலில் உட்கார்ந்து பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. "சாப்பாடு", "தண்ணி", "வர்றேன்"... எங்கள் சம்பாஷணை இந்த மூன்று வார்த்தைக்குள் அடங்கிவிடும்.

அக்டோபர் பரிட்சைக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். அத்தைக்கு ஒரே சந்தோஷம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாலில் பாய் விரித்துவிடுவார். நாங்கள் இந்தப் பக்கம் நோட்டோடு உட்காருவோம். அவர் அந்தப் பக்கம் ஒரு முறம் மல்லாட்டையை வைத்துக்கொண்டு விதைக்கு உடைத்துக்கொண்டிருப்பார். மகன் படிப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

என் வீட்டுக்காரருக்கு மனப்பாடப் பகுதி எல்லாம் தகராறு இல்லை. காம்ப்ரிஹென்ஷன்தான் பேஜாரு. மூன்றாவது தடவையும் போன பிறகு, விழுப்புரத்தில் ஒரு டுடோரியலுக்கு இரண்டு மாதம் போயிருக்கிறார். அங்கே சொல்லிக் கொடுத்ததுதான் அந்த டெக்னிக். வார்த்தையைத் தேடு, வரியைத் தூக்கு. கைடில் இருந்த முப்பது பேசேஜையும் போட்டுப் போட்டு அவருக்கு எல்லாமே தலைகீழ்ப் பாடம். சிங்கம் என்று ஆரம்பித்தாலே போதும், பேசேஜைப் பார்க்காமலே ஐந்து பதிலையும் எழுதிவிடுவார்.

இது எப்படிப் பயிற்சி ஆகும்? நானே பேசேஜ் எழுத ஆரம்பித்தேன்.

முதலில் கமிட்டியைப் பற்றி எழுதினேன். நாற்பது மூட்டை வந்தது, மழை வந்தது, தார்ப்பாய் வரவில்லை. எது நனைந்தது? வரியைத் தூக்கினார். சரி. அப்புறம் பக்கத்து வீட்டு ஆடு என் துவைத்த புடவையைத் தின்றதைப் பற்றி எழுதினேன். யார் தின்றது? தூக்கினார். சரி.

பத்துப் பதினைந்து பேசேஜுக்கு அப்புறம் எனக்கு விஷயம் தீர்ந்துவிட்டது. என்ன எழுதுவது? வீட்டில் நடப்பதைத்தானே எழுத முடியும்... ஒரு நாள் துணிந்து இப்படி எழுதினேன்: ஒரு ஊரில் ஒரு மனிதன் இருந்தான். அவன் மனைவி தினமும் அவனுக்குக் குழம்பு வைத்தாள். அவன் தினமும் சாப்பிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி: குழம்பு எப்படி இருந்தது?

மேலும் கீழும் தேடினார். தலையைச் சொறிந்தார். பதில் உள்ளே இல்லையே என்றார். உள்ளே இல்லைதான், தெரிந்தால் எழுதுங்கள் என்றேன். ஐந்து நிமிஷம் பென்சிலைக் கடித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை எழுதினார். "குட்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை முறத்திலிருந்து நிமிர்ந்து, "இன்னாடி சிரிக்கிற?" என்றார். கிராமர் அத்தை என்றேன்.

அதற்கப்புறம் பாருங்கள்... எங்களுக்கு ஒரு தனி அறையே கிடைத்துவிட்டது! அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் எதிரிலேயே, அவர் ஆசீர்வாதத்தோடு, நான் கேட்க நினைத்ததை எல்லாம் கேட்டேன். அந்த மனிதனுக்குப் பிடித்த நிறம் எது? தங்கச்சி கல்யாணத்துக்கு மனைவி ஊருக்குப் போனபோது அவனுக்கு எப்படி இருந்தது? உள்ளே வரி இருந்தால் தூக்குவார். இல்லாவிட்டால் யோசிப்பார். "வெரி லாங் த்ரீ டேஸ்" என்று ஒரு தடவை எழுதினார். மூன்று நாள் ரொம்ப நீளமாக இருந்ததாம். அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ... அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

ஆனி மாதம் அப்பா பார்க்க வந்தார். பையிலிருந்து ஒரு பழைய செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து, யாரும் பார்க்காத நேரமாக என் கையில் வைத்தார். விழுப்புரம் டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம்.

எனக்கு அந்தப் படிப்பின் மேல் ஆசை என்பது அவருக்குத் தெரியும். நல்ல வரன் வந்துவிட்டது என்று அவசரப்பட்டதில் அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சி. "மாப்ள கிட்ட நான் கேட்டா மரியாதையா இருக்காது. நீயே பார்த்து கேளும்மா. வெள்ளிக்கிழமதான் கடைசி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

நீயே கேள்! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்? வந்து ஆறு மாதம் ஆகாத மருமகள், இரண்டு வருஷம் தினமும் பஸ்ஸேறி வெளியூர் போய்ப் படிக்கிறேன் என்று எந்த வாயால் கேட்பாள்? அதுவும் புருஷன் பத்தாவது பாஸ் பண்ணத் தத்தளித்துக்கொண்டிருக்கும்போது. விண்ணப்பத்தைப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினேன்.

அன்றைக்கே அத்தை கேட்டார். கடைத்தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்று, ஆடி வருதே, புடவை கிடவை எதனா வேணுமாடி என்றார். பிரியமாகத்தான் கேட்டார். ஒன்றும் வேண்டாம் அத்தை என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நோட்டில் புது பேசேஜ் எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தாள். மார்க் ஷீட்டைக் கல்யாணப் புடவைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். கூடவே இன்னொரு காகிதம். அதற்கு வெள்ளிக்கிழமை வரைதான் உயிர். தினமும் காலை ஏழேகாலுக்கு டிரெயினிங் படிக்கிற பெண்கள் நாலு பேர் விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க அந்தத் தெரு வழியாகப் போவார்கள். போட்டு முடித்த கோலத்தை அந்த நேரத்துக்கு அவள் மறுபடி திருத்திக்கொண்டிருப்பாள். மாமியார், புடவை வேண்டுமா என்று கேட்டார். அவள் ஒன்றும் வேண்டாம் என்றாள்.

கேள்வி ஒன்றே ஒன்று. அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும்?

அவர் படித்தார். ஆள்காட்டி விரல் வரிவரியாக இறங்கியது. விரல் கடைசி வரியில் நின்றது. முகம் மலர்ந்தது. கேள்வியில் இருந்த வார்த்தை அங்கே இருந்தது! ஜல்தியாக எழுதி நோட்டை நீட்டினார்.

"ஷீ வான்டட் நத்திங்."

அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

நான் அதைச் சுழித்துப் பெரிதாக ஒரு முட்டை போட்டேன். பேப்பரே கிழிந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வரி உள்ளே இருக்கிறது, பார்த்துதான் எழுதினேன் என்று விரலை வைத்துக் காட்டினார். அத்தை எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, முட்டை தெரியாதா? "எம்புள்ளைக்கு முட்ட போட்டுட்டியா?" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் மட்டும்தான். இப்போது யோசித்தால் பாவமாக இருக்கிறது. அவர் என்ன தப்பு செய்தார்? நம்மில் பாதிப் பேர் இந்த டெக்னிக்கில்தான் குடும்பமே நடத்துகிறோம். என்ன ஆச்சு என்று கேட்கிறோம். ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது. ஒன்றுமில்லையாம் என்று எழுதிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விடுகிறோம். சொன்ன நானும் யோக்கியமா என்ன? ஒரு வார்த்தை வாய் திறந்து கேட்டிருக்கலாமே... அதற்குத் தைரியம் இல்லாமல் ஒரு மனிதனுக்குப் பரிட்சை வைத்தேன்.

ஞாயிறு, திங்கள் பாய் விரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் தராசுக்கு முத்திரை போட ஆட்கள் வருகிறார்கள் என்று இருட்டோடு கிளம்பிவிட்டார். வீட்டில் மூன்று வார்த்தைச் சம்பாஷணையும் நின்றுவிட்டது. ஏழேகாலுக்கு அந்த நாலு பெண்களும் போனார்கள். நான் வாசலுக்கு வரவில்லை.

புதன்கிழமை காலையில் அவர் போன பிறகு படுக்கைப் பாயைச் சுருட்டினேன். அடியில் நோட்டு இருந்தது. அதே பக்கம். முட்டைக்குக் கீழே, பென்சிலால், பலமுறை அழித்து அழித்து எழுதியிருந்தார்.

"ஷீ வான்ட் டீச்சர் டிரெயினிங். ஷீ நாட் டெல். அம்மா ஆஸ்க் ஸாரி. ஐ நாட் ஆஸ்க் எனிதிங்."

அம்மா புடவையாவது கேட்டார். நான் எதையுமே கேட்கவில்லை. இதைத்தான் எழுதியிருந்தார்.

வரிக்கு ஒரு தப்பு. அதில் ஒரு வரியாவது பேசேஜிலிருந்து தூக்கியதா என்று பாருங்கள். இல்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அத்தை கிணற்றடியிலிருந்து வருவதற்குள் அழுது முடித்தேன்.

அன்று சாயங்காலம் அவரே அத்தையிடம் சொன்னார், வசந்தாவை டிரெயினிங்கில் சேர்க்கப் போகிறேன் என்று. அத்தை எதிரில் அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை முறத்தைத் தள்ளி வைத்தார். நீயே இன்னும் பாஸ் பண்ணவில்லை, அதற்குள் இவளுக்கு எதற்கு என்றார். ஊர் என்ன பேசும் என்றார். கடைசியில் அத்தை விஷயத்துக்கு வந்தார்.

"அப்ப மத்தியானம் எனக்கு கேப்பக் கஞ்சி யாருடா ஊத்துறது?"

"நான் வந்து ஊத்தறேம்மா."

அத்தை முறத்தை இழுத்துக்கொண்டார். சம்மதம் என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்து மாமியார் கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் பெரிய ஏலம். அவர் லீவே போட முடியாத நாள். போட்டார். இரண்டு பேரும் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். விண்ணப்பத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. கொய்யாப்பழக் கூடைகள் ஜன்னலுக்கு வந்தன. என் பக்கம் திரும்பி, "உனக்கு எதனா வேணுமா?" என்றார்.

"ஒண்ணும் வேணாங்க" என்றேன்.

பழக்கதோஷம்! அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் இரண்டு கொய்யாப்பழம் வாங்கி மடியில் போட்டார். நன்றாகக் காரம் போட்டது.

எனக்கு இடம் கிடைத்தது. ஏழேகால் பஸ்ஸுக்கு அந்த நாலு பெண்களோடு ஐந்தாவதாகப் போனேன். மத்தியானம் அவர் சைக்கிளில் வந்து அத்தைக்குக் கஞ்சி ஊற்றினார். சாயங்காலம் நான் வந்து சொல்லிக் கொடுத்தேன். பேசேஜ் எழுதுவது மட்டும் குறைந்துவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்து பேசவே கற்றுக்கொண்டுவிட்டோம்.

அக்டோபர் வந்தது. விழுப்புரத்தில்தான் சென்டர். பரிட்சை முடிந்து பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தார். நன்றாக எழுதினேன் என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. ரிசல்ட் வரும் வரைக்கும் எனக்கு நம்பிக்கை.

மார்க் ஷீட் தபாலில் வந்தது. முப்பத்தொன்று. பாஸுக்கு முப்பத்தைந்து.

அத்தை கேட்டுவிட்டு முறத்தோடு எழுந்து போனார். என்னைப் பார்த்ததோடு சரி. எனக்கு அது போதும், குறுகிப் போனேன். எங்கே போயிருக்கும் அந்த நாலு மார்க்? காம்ப்ரிஹென்ஷனில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

அவருக்கு பேசேஜ் முழுக்க நினைவிருந்தது. ஒரு ரயில்வே ஸ்டேஷன். வயதான போர்ட்டர். நாலு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறார். களைப்பாக இருக்கிறதா என்று பயணி கேட்கிறார். எனக்குக் களைப்பே இல்லை என்கிறார் போர்ட்டர். கேள்வி: போர்ட்டருக்கு எப்படி இருந்தது?

வரி உள்ளேயே இருக்கிறது. தூக்கி எழுதினால் முழு மார்க். இவர் தூக்கவில்லை. கிழவருக்கு ரொம்பக் களைப்பு, சொன்னால் அடுத்த தடவை பெட்டி கொடுக்க மாட்டார்கள், அதனால் சொல்லவில்லை என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். மற்ற கேள்விகளுக்கும் இதே கதைதான்.

அந்த நாலு மார்க்கை விழுங்கியது நான்தான். ஒழுங்காக வரியைத் தூக்கிக்கொண்டிருந்த மனிதரைக் கெடுத்துவிட்டேன். ஏங்க இப்படிப் பண்ணினீர்கள், அந்த வரியை அப்படியே எழுதியிருக்கக் கூடாதா என்று அழுகிற குரலில் கேட்டேன்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"அந்தக் கெழவன் பொய் சொல்றான் வசந்தா. நான் தெனம் மூட்ட தூக்குறவங்க மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கிறவன். எனக்குத் தெரியாதா? களைப்பு இல்லன்னு நான் எப்புடி எழுதறது?"

அந்த வீட்டில் யாருக்கு டீச்சர் டிரெயினிங் நடந்துகொண்டிருந்தது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் மேசை வேண்டுமே. அதற்கு பாஸ் வேண்டுமே. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, மார்ச் பரிட்சைக்கு நான்தான் அவரைத் திரும்பவும் பழைய வழிக்கு இழுத்தேன். யோசிக்கக் கூடாது. யார் மேலும் இரக்கப்படக் கூடாது. வார்த்தையைத் தேடு, வரியைத் தூக்கு. சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

நாற்பத்து நாலு மார்க். பாஸ்! அத்தை தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். அடுத்த வருஷம் கமிட்டி ஆபீஸுக்குள் மேசையும் வந்தது.

மார்க் ஷீட் வந்த அன்று, காம்ப்ரிஹென்ஷன் எப்படி என்று கேட்டேன். ஐந்துக்கும் வரியைத் தூக்கிவிட்டேன், எல்லாம் சரி என்றார் பெருமையாக. எனக்குக் கொஞ்சம் ஆவல். இந்தத் தடவை பேசேஜ் எதைப் பற்றி என்றேன்.

"அத யாரு படிச்சா?" என்றார்.